பிரதமரை ‘உவள்’ எண்டது

யாழ்ப்பாணம் ரவுணிலை இருந்த எங்கடை பள்ளிக்கூடத்து மாணவியர் பாராளுமன்றத்துக்கு நான்தான் பிரதமராய் வந்திருக்கவேணும். ஒரேயொரு வாக்காலை ஒரு அரியாலைக்காரி வந்தாள். அவளின்ரை சிரிப்புக்கு விழுந்த வாக்குத்தான் அது எண்டு இண்டைக்கும் சொல்லுவன்.

அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, எல்லாருக்கும் சைக்கிள்தான். புது ரியூப் கண்ணிலையும் காணேலாது. ஒட்டுப் போட்ட ரியூப்பை வெயிலிலை விட்டால் ஒட்டு இளகிக் காத்துப் போயிடும். அதாலை எங்கடை பாராளுமன்றம் போட்ட முதல் சட்டமே நிழலுக்குத்தான்: மாமரத்தடி, தூர இருந்து வாற பிள்ளையளின்ரை சைக்கிளுக்கு. நான் இணுவிலிலை இருந்து வாறனான். அரியாலை கிட்டத்தான். ஆனால் என்ரை இடத்திலை பிரதமரின்ரை சைக்கிள்! நான் காத்துப் போன சைக்கிளை இணுவில் வரைக்கும் உருட்டிக்கொண்டு போறன். வயிறு எரியாதோ?

பாராளுமன்றத்துக்கு நன்னடத்தைக் குழு எண்டு ஒண்டு இருந்தது. பதவியைச் சொந்த வசதிக்குப் பாவிச்சால் விசாரிக்கும். குற்றவாளி எண்டு கண்டால் பதவி அடுத்ததாய் வாக்கு எடுத்தவளுக்கு. அடுத்தவள் ஆர்? நான்தான். முறைப்பாட்டைக் குடுத்திட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு ‘கௌரவ பிரதமர்’ எண்டு சொல்லிப் பாத்தன். நல்லாய்த்தான் இருந்தது.

விசாரணையை நடத்தினது குடியியல் ரீச்சர். நான் வடிவாய்த்தான் தொடங்கினன்: “கௌரவ பிரதமர் அவர்கள்...” முன்னாலை அவள் சிரிச்சுக்கொண்டு இருந்தாள். அந்தக் கோதாரிச் சிரிப்பு! என்ரை வாய் என்னைக் கேளாமல் பாஞ்சுது: “உவளுக்கு என்னத்துக்கு ரீச்சர் நிழல்?”

‘உவள்’ எண்டது தெருச் சண்டையிலை சொல்லுற சொல்லு. எல்லாரும் கொல்லெண்டு சிரிச்சினம். ரீச்சர் சைக்கிளை விட்டிட்டு என்னைப் பிடிச்சா.

“சபைக்கு ஒவ்வாத சொல். உம்மைத்தான் முதலிலை சபையிலை இருந்து நிப்பாட்டவேணும்.”

அப்பதான் அவள் எழும்பினாள்.

“பிழை என்ரை ரீச்சர். பிரதமர்தானே எண்ட துணிவிலை விட்டிட்டன். நாளைக்கே எடுக்கிறன். உவாவை ஒண்டும் செய்யாதேங்கோ.”

உவா! நான் உவள் எண்ட வாயை மூட முதல், அவள் என்னை மரியாதையாய் உவா எண்டாள். எல்லாரும் கை தட்டிச்சினம். எச்சரிக்கையோடை அவளை விட்டினம். பதவியும் அவளோடையே நிண்டுது.

அடுத்த நாள் அவளின்ரை சைக்கிள் வெயிலிலை. போறவை வாறவை எல்லாம் “பாவம், எவ்வளவு நல்ல பிள்ளை” எண்டு சொல்லிக்கொண்டு போச்சினம். பின்னேரம் அவளின்ரை சில்லு காத்துப் போய்க் கிடக்கும் எண்டு ஆசையாய் ஓடிப் போய்ப் பாத்தன். கல்லு மாதிரி நிண்டுது. நிழலிலை நிண்ட என்ரைதான் காத்துப் போயிருந்தது.