இரண்டாயிரத்துப் பதினேழு கன்றுகள்

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, அப்பா யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நர்சரிக் கங்காணியாக இருந்தார். முழங்கால் கெட்டு, மலையேறிப் பால் வெட்ட முடியாமல் போனதால் கிடைத்த வேலை அது. கறுப்புப் பொலித்தீன் பைகளில் வளரும் கன்றுகளை வரிசையாக அடுக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். தோட்டத்து மேலாளரான துரை வந்தால் ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளின் தொகையால் பெருக்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். போன தடவை கடைசி வரிசை அரைகுறையாக நின்றதில் அவருக்குக் கோபம். "இன்னொரு தரம் இப்படி இருந்தா, கத்திய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த முறை புத்தகத்தில் இருந்த தொகை 2017.

"எத்தன வரிச, வரிசைக்கு எத்தனன்னு போட்டுக் குடு பாப்பா. ஒண்ணும் மிஞ்சக் கூடாது" என்றார் அப்பா. கணக்கில் நான்தான் வகுப்பில் முதல் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர்.

இரண்டால் வகுத்தேன், ஒன்று மிச்சம். மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றிலும் அதே ஒன்று. பதினொன்றில் நான்கு. பதின்மூன்றில் இரண்டு. நாற்பத்து மூன்று வரை போனேன், மிச்சம் முப்பத்தொன்பது. கொப்பியில் ஆறு பக்கம் தீர்ந்தது. வகுத்தலே மறந்துவிட்டதோ என்று பயந்து 2016ஐ வகுத்தால், அது இரண்டு, மூன்று, ஏழு எல்லாவற்றுக்கும் பணிந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"ஒரே வரிசையா அடுக்கிடுங்க. கேகாலை டவுன் வரைக்கும் போகட்டும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார்.

மறுநாள் காலை ஒரு கன்றைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்தேன். "நாப்பத்திரெண்டு வரிச, வரிசைக்கு நாப்பத்தெட்டு" என்றேன். அப்பா அப்படியே அடுக்கினார்.

துரை எண்ணிப் பெருக்கினார். "ஒண்ணு கொறயுதே கங்காணி. எங்க?"

அப்பா தேடக்கூட இல்லை. "செத்துப்போச்சுங்க தொரை. எழுதணும்னு இருந்தேன்."

துரை ஒன்றைக் கழித்து எழுதினார். வரிசைகளை மறுபடி பார்த்து, "ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டிவிட்டுப் போனார். ஜீப் திரும்பி மறைந்ததும் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்க வச்ச?"

அந்தக் கன்றை எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் அவரே நட்டார்.

இரண்டு வருடம் கழித்து, முதன்மை எண்களைப் பள்ளியில் படித்த அன்று, வீட்டுக்கு ஓடிவந்தேன். "அப்பா, அந்த ரெண்டாயிரத்துப் பதினேழு எதாலயும் வகுபடாதாம். எம்மேல தப்பே இல்ல!"

"தெரியுமே" என்றார். "ஒங்கிட்ட கேக்க முந்தியே ரப்பர் கொட்டைய வச்சு அடுக்கிப் பாத்தேன். வரல."

தப்பு என்னுடையதல்ல என்ற சந்தோஷத்தில் விளையாடப் போய்விட்டேன். வராது என்று தெரிந்தவர் அதை ஏன் என்னிடம் கொடுத்தார் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.