சோறூட்டு நாளில் கழற்றிய சட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் ஒரு கோயிலில் என் தங்கை மகனுக்குச் சோறூட்டு, அதாவது முதன்முதலாகச் சோறு ஊட்டும் சடங்கு. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கோ கோயில் என்றாலே நடுக்கம். பக்தியால் அல்ல, இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எனக்கு வேலை. அப்போது போதை ஊசிப் பழக்கமும் இருந்தது. குத்திய இடம், முழங்கை மடிப்பில், வீங்கிச் சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் திட்டுவார்கள், போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயந்து நானே டாக்டரானேன். பிதுக்கினேன், மஞ்சள் அப்பினேன், முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்தேன். டாக்டர் கெட்டிக்காரர், ஐந்தாம் நாள் காய்ச்சலும் வந்துவிட்டது.

அன்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாயசம் நாக்கில் பட்டதும் மருமகன் குஷியில் ஓர் உதை விட்டான். சரியாக அந்த இடத்தில்! நான் அலறிய அலறலில் பூசாரியே மந்திரத்தை மறந்தார். துண்டு நழுவிவிட்டது.

“எண்ணே, இது என்னாக்கும்?” என்றாள் தங்கை.

“கொசு கடிச்சது.”

“கோழி தண்டிக்குக் கொசுவா? எந்திரி!”

குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வெறும் மேலோடு என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு தோள்வரை ஏறியிருந்தது.

“சத்தியம் பறயணும். ஊசி குத்தியதாணோ?” என்று மலையாளத்தில் உண்மையைக் கேட்டார்.

பக்கத்தில் தங்கை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. “ஆமா” என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பறஞ்ஞது நன்னாயி. இனி கை நோக்காம்,” என்றார். சொன்னது நல்லது, இனிக் கையைப் பார்க்கலாம், அவ்வளவுதான்!

இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் கை மட்டுமல்ல, உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். கீறிச் சீழை எடுத்தார்கள். திட்டு முழுவதும் தங்கையிடமிருந்து வந்தது, பாதி தமிழில், பாதி மலையாளத்தில். ஆனால் என் இன்னொரு கையை அவள் விடவே இல்லை.

தினமும் போய்க் கட்டு மாற்றினேன். புண் ஆறியதும் போதையை விடுவதற்கான சிகிச்சையில் சேர்ந்தேன். இரண்டு முறை சறுக்கினேன். இரண்டு முறையும் மறுநாள் காலையிலேயே அங்கே போய் வாய்விட்டுச் சொன்னேன். இனிச் சறுக்கினாலும் போவேன்.

“வெக்கங்கெட்டவன்” என்று தங்கை சிரிக்கிறாள். கெட்டே போகட்டும், அந்த வெட்கம்தான் என் கையைத் தின்னப் பார்த்தது.