செங்கம் சாலைக்கு மேலே போகும் விமானங்கள்

மலையடிவாரத்துச் செங்கம் சாலையில் வாடகைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் மன அமைதியைத் தேடி வந்தவர்கள். நான் விவாகரத்து முடிந்து, சென்னையில் தெரிந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் வந்தவன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மிச்ச நேரத்தில் பேச ஆளில்லை. அதனால் விமானங்கள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தேன்.

விமானிகள் பேசுவதை அல்ல. புது விமானங்களில் ஒரு கருவி உண்டு. நான் இன்னார், இவ்வளவு உயரம், இந்த இடம் என்று அது ஓயாமல் கத்திக்கொண்டே போகும். அமெரிக்காவிலிருந்த நண்பன் அனுப்பிய ரேடியோ பெட்டி அந்த அலையை வெறும் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குள் கொட்டும். அந்தக் குப்பையிலிருந்து விமானத்தைப் பொறுக்கி எடுப்பது என் புரோகிராமின் வேலை. ஆன்டெனா என்பது பிஸ்கட் டின் மூடியில் சொருகிய விரல் நீளச் செம்புக் கம்பிதான். மொட்டை மாடியில் அதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "இதுல கேபிள் சேனலெல்லாம் வருமா சார்?" என்று கேட்டார். வராது என்றதும் என் மேலிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

முதல் விமானம் திரையில் புள்ளியாக நகர்ந்தபோது கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை. சென்னையில் அம்மாவோடு இருந்த மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்குப் பதினோரு வயது. "அதுக்குள்ள யார் இருக்காங்கப்பா?" என்றாள். அது தெரியாது என்றேன்.

புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. மாதத்தில் ஓரிரு நாள், சாயங்காலம் ஆனால் விமானங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தேதிகளை நோட்டில் குறித்து வைத்தேன். மூன்று முறை முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். பிசாசு மாதிரி திரும்பத் திரும்ப வந்தது.

அப்போதுதான் மகளின் அம்மாவுக்கு மாலத்தீவில் டீச்சர் வேலை கிடைத்தது. மகளும் கூடவே போகிறாள். "ஏர்போர்ட்டுக்கு வருவியாப்பா?" என்று கேட்டாள். "அங்க வந்து என்ன பண்ணப் போறேன்? இங்கேருந்து உன் ப்ளேனைப் ரொம்ப தூரம் வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றேன். அந்த விமானம் என் திரையில் வழக்கமாக வருவதுதான். அதனால் அது பொய் இல்லை. ஆனால் காரணமும் அது இல்லை. அவள் அம்மாவுக்கு எதிரே போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

விமானம் நாலு மணிக்கு. அன்று தெருவில் ஒரே சத்தம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்றரைக்கே திரை முன் உட்கார்ந்துவிட்டேன். நாலேகாலுக்கு இரண்டு புள்ளிகள் இருந்தன. நாலரைக்கு ஒன்றுமே இல்லை. பெட்டியைத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஐந்து மணிக்கு வீட்டுக்கார அம்மா, வாசலில் நீர்மோர் கொடுக்க ஒரு குடம் வேண்டும் என்று வந்தவர், என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"இன்னைக்குப் பௌர்ணமி ஆச்சே சார். இத்தினி ஜனம் கிரிவலம் வந்தா செல்லுலயே லைன் கெடைக்கல. உங்க பெட்டிக்கு மட்டும் கெடைச்சுடுமா?"

நோட்டை எடுத்துக் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். விமானம் மறைந்த தேதி ஒவ்வொன்றும் பௌர்ணமி. செல்போன் அலை விமான அலைக்குப் பக்கத்து வீடு. லட்சம் பேர் போனோடு மலையைச் சுற்றினால் என் வடிகட்டி இல்லாத பெட்டிக்குக் காது அடைத்துப் போகும். இரண்டு வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு, கூட்டம் வரும் நாளெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கோளாறை மட்டும் புரோகிராமுக்குள் தேடியிருக்கிறேன். என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆறரைக்கு வீட்டு போன் அடித்தது. மகள்தான். மாலத்தீவில் இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "பார்த்தேம்மா! கரெக்டா வந்துச்சு. முப்பதாயிரம் அடி. பாண்டிச்சேரி பக்கம் திரும்பினது கூடத் தெரிஞ்சுது" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ தமிழில் அறிவிப்பது கேட்டது.

"அப்பா, நாங்க இன்னும் சென்னையிலதான் இருக்கோம். ஃப்ளைட் லேட்டு, எட்டு மணிக்குத்தானாம். அதைச் சொல்லத்தான் பண்ணேன். உன் செல்லுக்குப் போகவே இல்ல."

காலியாகக் கிடந்த திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்போ யாரைப் பார்த்த?"

"யாரையும் பார்க்கலம்மா."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "வரமாட்டேன்னு சும்மா சொல்ற, எப்படியும் வந்துடுவன்னு நெனச்சேன்ப்பா. மத்தியானம் உள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

அவள் அம்மா கூப்பிடுவது கேட்டது. போனை வைத்துவிட்டாள்.