விற்காமல் வைத்த ஆறு ஏக்கர்

மெல்போர்னில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். மருமகள் கதவைப் பாதி திறந்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் காரேறிப் போனார். எனக்குத் தாங்கவில்லை.

"வீட்டுக்காரவுகளையே வாசலோட அனுப்புறியே, ஒரு வாய் தண்ணி குடுத்தியா?"

"லீஸ் போட்டாச்சுல்ல அத்தை. வாரதுக்கு முன்னாடி எழுதிச் சொல்லணும். சொல்லாம வந்தது அவரு தப்பு," என்றாள்.

இங்கே தெருவுக்குத் தெரு பலகை நட்டிருப்பார்கள். சிலதில் 'சேல்', சிலதில் 'லீஸ்'. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சேல் என்றால் கைவிட்டது. லீஸ் என்றால் நம்முடையது, இன்னொருவர் கையில் கொஞ்ச காலம் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடம் ஒருமுறை பெருமையாக, "மை லேண்ட், இந்தியா. நோ சேல். லீஸ்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக ஏதோ சொன்னாள். நான் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பிழைத்தவள் என்று நினைத்துவிட்டாளாம். கூட நின்ற மகன் சொன்னான். இரண்டு நாள் அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

எங்கள் நிலம் எம்.ரெட்டியபட்டிக்கு மேற்கே, ஆறு ஏக்கர் கரிசல். பருத்தியும் கம்பும் போட்டோம். மழை பொய்த்த வருஷம் ஒன்றும் போடவில்லை. என் வீட்டுக்காரரை அதன் கிழக்கு மூலையில்தான் அடக்கம் செய்தோம். நான் போனால் என்னையும் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சோலார் கம்பெனி வந்தபோது சுற்றியிருந்தவர்கள் விற்றார்கள். என் கொழுந்தன் மனைவி சீனியம்மாளும் விற்றாள். நான் அருப்புக்கோட்டையில் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்து, "விக்கிற பேச்சே கெடையாது. லீஸுன்னா எழுதுங்க," என்றேன்.

"இருபத்தெட்டு வருசம்மா."

"இருக்கட்டும். நெலம் எங்கிட்டுப் போகுது?"

கையெழுத்து நானே போட்டேன். கைநாட்டு வைக்கவில்லை.

எங்கள் பக்கம் குத்தகைக்கு விட்டால் வெள்ளாமை மட்டும்தான் அடுத்தவருக்கு. சொந்தக்காரர் வரப்பில் நடப்பார், விறகு ஒடிப்பார், ஆட்டுக்குப் புல் அறுப்பார். ஏனென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதனால் பத்திரத்தில் கேட்டு எழுதிக்கொள்ள ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன மாசியில் ஊருக்குப் போனேன். பூவும் சூடமும் வாங்கிக்கொண்டு நிலத்துக்கு நடந்தால், ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி. கேட்டில் காவலுக்கு வீரசோழன் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர், மரியாதையானவர்.

"ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வரணும்மா. உள்ள கரண்டு ஓடுது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் வேல போயிரும்."

"இது என் நெலம்யா."

"இல்லேங்கலம்மா."

சீனியம்மாள் பின்னாலேயே வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் சமாதி வேலிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்து நிற்கிறது. அந்த இரண்டு சென்ட் போக மிச்சத்தைத்தான் விற்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று எழுதி வாங்கியிருக்கிறாள்.

"ஒனக்கென்னக்கா, நீதான் விக்கலையே. ரெண்டு சென்ட் எதுக்குன்னு இருந்துட்ட," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அவுக பக்கத்துல எடங் கெடக்கு. வேணும்னா வந்து படுத்துக்க," என்றாள். நான் லெட்டர் கேட்டு ஆபீசுக்குப் போனேன்.

லெட்டர் வர நாலு நாள் ஆனது. கேட்டில் நோட்டைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஊர் என்று இருந்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த ஆள் லெட்டரைப் பார்த்து ஆஸ்திரேலியா என்று அவரே எழுதினார். அதையே ஒரு அட்டையிலும் எழுதி என் கழுத்தில் மாட்டிவிட்டார். சூடத்தை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே நெருப்புக் கூடாதாம்.

அவரை அடக்கம் செய்த மண்மேடு இல்லை. நிரவிவிட்டார்கள். அடையாளத்துக்கு நின்ற உடைமரமும் இல்லை. வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள், எல்லாம் ஒன்றுபோல. எந்த இடம் என்று தேடித் தேடி நடந்தேன். கூட வந்த ஆள், "நேரமாச்சும்மா," என்றார். உத்தேசமாக ஒரு இரும்புக் காலடியில் குனிந்து பூவை வைத்தேன். கழுத்தில் தொங்கிய அட்டை எனக்கு முன்னால் மண்ணைத் தொட்டது.