கல்லறைமேல் ராகி

போர்க்களம் காட்டும் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, செத்தவர்களில் யாருக்குக் கல் இருக்கிறது என்பதைத்தான். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய்ச் சில வருஷமே ஆகியிருந்தது. முன்னோர் கல்லறையைத் தேடி வருகிறவர்களை ஓசூரில் ஒரு கார் கம்பெனி கிருஷ்ணகிரிக் கோட்டைவரை அழைத்துப் போகும். எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ.வான எனக்கு, கூடப் போய் விளக்கம் சொல்லும் வேலை. மூன்று மாதம் புகார் வராவிட்டால் நிரந்தரம். பட்டத்தோடு அலைந்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை பேர்?

கோட்டையடியில் ஒரு துரை, இங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார். நான் படித்த புத்தகம் எதிலும் அது இல்லை. தெரியாது என்றேன். விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா பி.ஏ. படிச்சே? வாயில வந்த கணக்கைச் சொல்லு. செத்தவன் எழுந்து வந்து எண்ணிப் பார்க்கப் போறானா?"

நம்மவர் கல்

சேலத்து வாத்தியார் ஒருவர் கல்லறைகளில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் பெயர்களையெல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டு, நம் ஆட்களின் கல் எங்கே என்றார். டிரைவர் மாதப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"பீரங்கி இழுத்தவனுக்கெல்லாம் கல்லு நட்டிருந்தா, கார் போக வழி ஏதுங்க?"

சூளகிரி வழியில்

எங்கள் ஊருக்கு வெளியே, சாலையோரம், ஒரு கும்பினி அதிகாரியின் கல்லறை. மேலே வழவழப்பான பலகைக்கல். ராகி காயப்போட அதைவிடச் சமமான இடம் ஊரில் கிடையாது. கல்லில் ஒரு மணி தானியம் கிடந்தாலும் என் சீட்டு கிழியும் என்று முதலாளி சொல்லியிருந்தார். புதன்கிழமை கார் வரும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமையே கிளம்ப வேண்டியதாயிற்று. காரில் முதலாளியும், அந்த அதிகாரியின் வம்சத்தில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளும். கல் முழுக்க ராகி, பக்கத்தில் அம்மா. யார் இவள், உனக்குத் தெரிந்தவளா என்று முதலாளி அதட்டினார்.

தெரியாதுங்க என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ராகியை முறத்தில் வாரினாள். எழுத்துகளில் படிந்த உமியை முந்தானையால் துடைத்துவிட்டு விலகி நின்றாள். வெள்ளைக்கார அம்மாள் கல்லைத் தடவி அழுதாள். திரும்பும் வழியில், வேலை நிரந்தரம் என்றார் முதலாளி.

வீட்டில் களியைத் தட்டில் வைத்தபடி அம்மா சொன்னாள்:

"மூஞ்சி பார்க்காத ஆளுக்காக அந்தம்மா கப்பலேறி வந்து அழுவுது. எதிர்ல நின்ன என்னைத் தெரியாதுன்னுட்டியே, சாமி."

நிஜமாகவே தெரியாததற்கு ஏச்சு வாங்கினேன். தெரிந்தே தெரியாதென்றதற்கு வேலை வாங்கினேன்.