சென்னம்மாளை விலக்கிய காரணம்

உஷாராணிக்குக் கோபம் வந்தால் கையெழுத்து இன்னும் திருத்தமாகிவிடும். அம்மாபேட்டைக்காரர். சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில், மருத்துவர்கள் நடத்தும் ஆய்வுகளுக்குக் கோப்பு கட்டுவதும் நோயாளிகளுக்கு விளக்கிச் சம்மதம் வாங்குவதும் அவர் வேலை.

போன ஆண்டு வந்தது, விசைத்தறிக்காரர்களின் பஞ்சுத்தூசி இருமலுக்கு ஒரு புது இன்ஹேலரைச் சோதிக்கும் ஆய்வு. சேலம், நாமக்கல், குமாரபாளையம் என மூன்று மருத்துவமனைகள். ஆய்வு ஒன்றுதான்; ஆனால் நோயாளிகளின் நலனைப் பார்க்க மூன்றிலும் உள்ள நெறிமுறைக் குழுக்கள் தனித்தனியே அனுமதிக்க வேண்டும். ஒரு குழு ஒரு வரியை மாற்றினால் மற்ற இரண்டும் மறுபடி பார்க்க வேண்டும். அவை கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

முதலில் பெயர் கொடுத்தவர் குமாரபாளையத்துச் சென்னம்மாள். பதினெட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். வழக்கமான மருந்து எதற்கும் இருமல் கேட்கவில்லை. கருவியில் ஊதிப் பார்த்ததில் மூச்சளவு, இருக்க வேண்டியதில் அறுபத்தொரு சதவீதம். ஐம்பதுக்குக் கீழே போனால் ஆய்வில் சேர முடியாது.

நாமக்கல் குழு அப்படியே ஒப்புக்கொண்டது. சேலத்துக் குழு, கூலி கெடக் கூடாதென்று, பரிசோதனையைத் தறி விடுமுறை நாளுக்கு மாற்றச் சொன்னது. இந்த இருமல் விடுமுறையில் அடங்கிக் கிடக்கும், திரும்பத் தறியில் நிற்கும் முதல் நாளில்தான் நெஞ்சை அடைக்கும் என்று உஷாராணி சொல்லிப் பார்த்தார். குழுத் தலைவர் தீனதயாளன் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். முடிவெடுத்தாகிவிட்டது, திருத்தி மட்டும் கொடுங்கள் என்றார்.

திருத்தத்தை நாமக்கல் மறுபடி பார்த்தது. அதன் பிறகே குமாரபாளையம் கூடியது. அங்கே பொதுமக்கள் சார்பில் குழுவில் இருந்தவர் தறிப்பட்டறைக் கண்ணுசாமி. கோப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, லீவு நாள்ல இருமலத் தேடுனா எங்கீங்க கெடைக்கும்? இத எழுதுனவங்க ஒரு நாளாச்சும் பட்டறைக்குள்ள நின்னிருக்காங்களா? அந்த ஒரு நாள் கூலிய ஆய்வுலயே குடுத்துருங்க."

சரியான திருத்தம். அதற்காக மறுபடி சேலம், மறுபடி நாமக்கல். மூன்று குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் அரைமணி நேர வேலை. கூட்டாகப் பார்க்க விதியில் இடமிருக்கிறது என்று உஷாராணி முதல் மாதமே எழுதிக் கேட்டிருந்தார். எங்கள் மருத்துவமனை எங்கள் பொறுப்பு என்று மூன்று இடத்திலிருந்தும் பதில் வந்தது. அந்த ஒன்றில் மட்டும் மூவருக்கும் ஒற்றுமை.

சென்னம்மாள் மாதாமாதம் உஷாராணிக்குப் போன் செய்வார். "சாமி, நான் இன்னும் இருமிட்டுத்தான் இருக்கறேன். பேரு இருக்குதுங்களா, எடுத்துப்போட்டுட்டீங்களா?"

எட்டாம் மாதம் மூன்று அனுமதியும் சேர்ந்தன. சென்னம்மாள் வந்து ஊதினார். நாற்பத்தேழு. உஷாராணி இன்னும் இரண்டு முறை ஊதச் சொன்னார். நாற்பத்தேழுதான்.

"இல்லைன்னு சொல்றதுக்கா எட்டு மாசம் காக்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சென்னம்மாள் பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வுப் பதிவுத் தாளில் விலக்கிய காரணம் என்ற கட்டத்தில் 'மூச்சளவு குறைவு' என்று எழுதுவது வழக்கம். உஷாராணி முத்துமுத்தாக எழுதினார்: 'பெயர் கொடுத்தபோது 61. அனுமதிக்கு நாங்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டோம். இப்போது 47.' கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

தீனதயாளன் கூப்பிட்டு, வேறு தாளில் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார். ஆய்வுப் பதிவில் தாளை மாற்றக் கூடாதென்று அவர் குழுவே போட்டிருந்த விதியை உஷாராணி மேசைமேல் வைத்தார்.

"மாத்தணும்னா மூணு குழுவும் கூடட்டும் சார்."