பட்டியலில் ஒரு சிவப்புக் கையுறை

கடவுளுக்குப் பயந்தவள் நான். பொய் சொல்லிப் பயமுறுத்திப் பெயர் வாங்க வேண்டிய வயதும் இல்லை, தேவையும் இல்லை. இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களை அன்றைக்கே பாப்பாவின் பள்ளி டைரியில் குறித்தேன். டைரி இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று: இது நள்ளிரவில் நடந்ததில்லை. மதியம் இரண்டே முக்காலுக்கு நடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த அந்த வடக்கில், குளிர்காலத்தில், மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும்.

என் கணவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். மாற்றல் உத்தரவில், 'குடும்பத்துடன் செல்லலாம், வசதியான குடியிருப்பு' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை எழுதிய மகராசன் ஒரு நாளாவது அங்கே மூக்கை வெளியே நீட்டியிருக்க மாட்டான். இரண்டு நாள் ரயில், ஒரு நாள் லாரி. ஆறு பெட்டி, ஆறு வயதுப் பாப்பா. கடைசியில் நாலு வீடு ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை முன்னால் இறக்கிவிட்டார்கள். எங்களுடையது நாலாம் எண். அதற்கு அப்பால் வெறும் பனி.

ராணுவ வீட்டுக்குள் நேராகக் குடிபோய்விட முடியாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானையும் பட்டியலைப் பார்த்துப் படிப்பார்கள். நாம் கையெழுத்துப் போட வேண்டும். காலி செய்யும்போது ஒரு கரண்டி குறைந்தாலும் விசாரணை. படித்தவர் மூன்றாம் எண் வீட்டில் குடியிருந்த ஸ்டோர் சார்ஜென்ட். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தோரு டிகிரி. பாப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் பக்கெட் எண்ணிக்கொண்டிருந்தார்.

"கட்டில் மூணு. நாற்காலி ஆறு. பக்கெட் மூணு, ஒண்ணுல பிடி இல்ல. கையுறை, பெண்கள் போடறது, சிவப்பு, வலது கை... ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்தைக் கையுறையை வச்சு என்ன சார் பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா. போகும்போது திருப்பிக் குடுங்க, போதும்."

"எதுக்கு இது பட்டியல்ல?"

"ஏறினது ஏறினதுதான். எடுக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும்."

அவர் அந்தக் கையுறையைப் பார்க்காமலே 'சரி' என்று குறித்தார். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

அங்கே வீடுகளுக்கு இரண்டு கதவு. வெளிக்கதவைத் திறந்தால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சின்ன அறை, பிறகு உள்கதவு. பூட்ஸையும் கோட்டையும் அங்கே கழற்றி மாட்டலாம். கையுறை அங்கேதான் ஓர் ஆணியில் தொங்கியது. அந்த அறையில் வைத்த தண்ணீர் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். ஈரத் துணி பலகைபோல் விறைத்துவிடும். கையுறை மட்டும் உறையவும் இல்லை, காயவும் இல்லை. எப்போது தொட்டாலும், அப்போதுதான் பனியில் அளைந்துவிட்டு வந்ததுபோல் ஈரமாக இருந்தது.

பனி அள்ளும் வண்டியின் டிரைவர் மட்டுமே முதல் நாள் எங்களுக்கு ஒரு கை கொடுத்தார். பெட்டிகளை இறக்கிவிட்டு ஒன்று சொன்னார். "தங்கச்சி, உள்கதவை என்ன வேணா பூட்டிக்கோங்க. வெளிக்கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடாதீங்க. பனியில வழி தப்பினவன் எந்தக் கதவைத் தொட்டாலும் திறக்கணும். இங்க அதுதான் சட்டம்."

பக்கத்து வீட்டு அக்கா, அதாவது ஸ்டோர்க்காரர் மனைவி, வேறு சட்டம் வைத்திருந்தாள். "நல்லா இழுத்துப் பூட்டும்மா. கண்டவங்க வந்து நிப்பாங்க. தரையெல்லாம் ஈரம்."

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரியாதைக்கு ஒரு நாள் தேநீர் குடிக்கக் கூப்பிட்டாள். நான் உட்காருவதற்கு முன் நாற்காலியில் செய்தித்தாள் விரித்தாள். எனக்குக் காகிதக் கோப்பை. பின்னாலேயே வந்த அதிகாரியின் மனைவிக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை, முகமெல்லாம் பல். புருஷனின் தோளில் எத்தனை பட்டை என்று எண்ணித்தான் தேநீரில் சர்க்கரை போடுகிற ஜன்மம். ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பிரார்த்தனை, சுவர் அதிர. கடவுளுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாள். மந்தம் யாருக்கு என்பது பிறகு தெரிந்தது.

அவளை இளப்பமாகப் பேசுகிற நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஊரில் வளர்ந்த கை இது. கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளைத் தேடிப் போகும். டிரைவர் சொன்னது தலையில் இருந்தது, கையில் இல்லை. தினமும் போட்டேன்.

வந்து பத்தொன்பதாம் நாள். கணவர் மூன்று நாள் வேலையாக எல்லைச் சாவடிக்குப் போயிருந்தார். மதியம் 1:50-க்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பனிப்புயல் வருகிறது, பஸ் வாசலுக்கே வந்து பிள்ளைகளை இறக்கிவிடும், யாரும் வெளியே வர வேண்டாம் என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

2:30. இருட்டிவிட்டது. காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது.

2:47. சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாம் எண் வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள்.

தப்... டக்... தப்... டக்...

விநோதமான தட்டு. ஒன்று மெத்தென்று. அடுத்தது கட்டையால் தட்டியதுபோல். அக்கா வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டு கேட்டதும் பாட்டு நிற்கும், கதவு திறக்கும் என்று நினைத்தேன்.

பாட்டு சத்தமானது.

மறுபடி தட்டு. ரேடியோ இன்னும் சத்தம்.

பிறகு பனியை மிதிக்கிற ஒலி. நொறுக்... நொறுக்... எங்கள் ஜன்னலைக் கடந்தது. எங்கள் வாசலில் நின்றது.

தப்... டக்...

"யாரு?" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்க... தொந்தரவு பண்றேன்..." ஒரு பெண் குரல். இளம் குரல். பல் கிட்டித்திருந்தது. "கொஞ்சம் திறக்கறீங்களா..."

உள்கதவைத் திறந்து சின்ன அறைக்குள் போனேன். ஆணியில் கையுறை. அதன் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டு... அந்தக் குளிரில்.

அப்போதுதான் அந்தத் தட்டு புரிந்தது. ஒரு கையில் கையுறை. இன்னொரு கை வெறுங்கை... விறைத்துக் கட்டையாகிப்போன கை.

ஓடிப்போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத்தான் மனம் சொன்னது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ரேடியோ. பேயைவிட, நானும் அந்த அக்காவைப் போல் ஆகிவிடுவேனோ என்பதுதான் பயமாக இருந்தது. குளிர்கிறது என்று வந்து நிற்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவிட்டா கதவைத் திறப்பது?

2:52. தாழ்ப்பாளை எடுத்தேன். கடவுளே என்று திறந்தேன்.

யாருமில்லை.

படியில் பனி புதிதாக, வழவழவென்று இருந்தது. ஒரு காலடிகூட இல்லை.

கையுறையை எடுத்து வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டினேன். "உங்களுதுன்னா எடுத்துக்கோங்க. கதவு திறந்தேதான் இருக்கும்," என்றேன் இருட்டைப் பார்த்து. சின்ன அறையில் ஒரு பிளாஸ்கில் தேநீரும் ஒரு கோப்பையும் வைத்தேன். நல்ல கோப்பை. வெளித்தாழ்ப்பாளை விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

3:05. போன். ஆசிரியை.

"பாப்பா வந்துட்டாளா?"

"இல்லையே... பஸ்ஸே வரலையே?"

"பஸ் மெயின் கேட் பக்கத்துல பனியில மாட்டிக்கிச்சு. பிள்ளைங்களைக் கயிறு பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப எண்ணிப் பார்த்தா... ஒண்ணு குறையுது..."

கரண்டியையும் பக்கெட்டையும் எண்ணத் தெரிந்தவர்களுக்குக் குழந்தைகளை எண்ணத் தெரியவில்லை. ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றாள். அதற்குள் நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். மூன்று அடி. காற்று என்னைத் தூக்கிப் படியிலேயே அடித்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. பாப்பா, பாப்பா என்று கத்தினேன். குரல் வாயைவிட்டு வெளியே போகவில்லை.

கைப்பிடியைப் பிடித்து எழுந்தேன்.

அதில் கையுறை இல்லை.

தவழ்ந்து உள்ளே வந்தேன். முழந்தாளிட்டேன். பாப்பா பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3:19. மூன்றாம் எண் வீட்டில் தட்டு. இந்த முறை சின்னச் சின்னதாக. வேகவேகமாக. கீழேயிருந்து.

ரேடியோ சத்தமானது.

3:21.

எங்கள் வெளிக்கதவு திறந்தது.

சாத்தியது.

கோப்பை... 'டிங்' என்றது.

உள்கதவைத் திறந்தேன். பாப்பா நின்றாள். தலையெல்லாம் பனி. கையில் கோப்பை. கன்னத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"ஆன்ட்டி கூட்டிட்டு வந்தாங்கம்மா. கயிறு விட்டுப்போச்சு. அழுதேன். வந்தாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"சிவப்புக் கையுறை ஆன்ட்டி."

"ஒரு கையிலயா?"

"இல்லம்மா. ரெண்டு கையிலயும். அழகா இருந்துச்சு."

அவளை இறுக்கிக்கொண்டேன். அவள் என் காதுக்குள் சொன்னாள். "பக்கத்து வீட்டுலதான் முதல்ல தட்டினேன். ஆன்ட்டிதான் சொன்னாங்க... 'அவங்க திறக்க மாட்டாங்கடா. உங்கம்மா கதவு திறந்திருக்கு, வா'ன்னு."

மறுநாள் பதினோரு மணிக்குப் புயல் விட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின. மூன்று எண்ணினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"நேத்து எம்பொண்ணு உங்க கதவைத் தட்டினாளே அக்கா?"

"ரேடியோ போட்டிருந்தேன்மா. கேக்கல." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு என் காலைப் பார்த்தாள். "பூட்ஸைத் தட்டிட்டு நில்லு. பனி உள்ள வருது."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். அவளைத் திட்டினால் அந்த வார்த்தைக்கும் கேவலம்.

பனி வண்டி டிரைவரிடம்தான் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

நாலு வருடத்துக்கு முன் நாலாம் எண்ணில் ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர் குடும்பம் இருந்ததாம். அவர் மனைவிக்கு இருபத்து மூன்று வயது. வெயில் ஊர்க்காரி. வந்து பத்தொன்பது நாள். மண்ணெண்ணெய் எடுக்க வெளியே வந்தவள் பின்னால் காற்று கதவை அறைந்தது. அந்த அதிர்வில் உள்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. ஈரக் கையுறையோடு இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள். அது அப்படியே ஒட்டி உறைந்துவிட்டது. கையை உருவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"பக்கத்து வீட்டம்மா அன்னைக்குச் சொன்னதும் அதேதான் தங்கச்சி. ரேடியோ போட்டிருந்தேன், கேக்கலன்னு. விசாரணையும் அதோட முடிஞ்சுது. காலையில அவங்க படியிலதான் கிடந்துச்சு அந்தப் பொண்ணு. நான்தான் தூக்கினேன். இடது கையில இருந்த கையுறையைக் கழட்டவே முடியல. அப்படியேதான் அனுப்பி வச்சோம். அதோடதான் புதைச்சாங்க."

"வலது?"

"கைப்பிடியில ஒட்டியிருந்துச்சே. வீட்டோட இருந்த சாமான்னு ஸ்டோர்க்காரர் பட்டியல்ல ஏத்திட்டார்."

ஓர் உயிருக்கு அவர்கள் எழுதிய கணக்கு அவ்வளவுதான். கையுறை, சிவப்பு, வலது, ஒன்று.

பனி உருகுவதற்கு முன்பே எங்களுக்கு மாற்றல் வந்தது. மறுபடி பட்டியல், மறுபடி ஸ்டோர்க்காரர். ஆள் பாதியாகியிருந்தார். கட்டில், நாற்காலி, பக்கெட் எல்லாம் படித்தார். கையுறை வந்ததும் நிறுத்தினார்.

"அது இல்ல சார். உரியவங்ககிட்ட குடுத்துட்டேன். என்ன தண்டம்னு சொல்லுங்க, கட்டிடறோம்."

அவர் தண்டம் போடவில்லை. கையிலிருந்த தாள்கட்டில் இன்னொரு தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் சொந்த வீட்டின் பட்டியல். மூன்றாம் எண். கடைசி வரி அவர் கையெழுத்தில் இருந்தது. புயலுக்கு அடுத்த வாரத் தேதி.

'கையுறை, பெண்கள் அணிவது, சிவப்பு, ஒரு ஜோடி. ஈரம்.'

"எங்க இருந்துச்சு?"

"உள்ள. சின்ன ரூம் ஆணியில. மூணு தாழ்ப்பாளும் போட்டது போட்டபடி இருந்துச்சும்மா." அவர் குரல் இறங்கியது. "பட்டியல்ல ஏத்தாம விட்டுப் பார்த்தேன். எரிச்சும் பார்த்தேன். காலையில ஆணியில இருக்கு. ஏத்திட்டேன். இப்ப எடுக்கணும்னு எழுதிக் குடுத்தா, மூணு பேர்ல ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. சிரிக்கறாங்க."

பாவமாகத்தான் இருந்தது. "வெளித்தாழ்ப்பாளை எடுத்துடுங்க சார். கதவைத் திறந்து வைங்க. அது போதும்."

"அவ விட மாட்டேங்கறா. நாலாவது தாழ்ப்பாள் அடிக்கச் சொல்றா." லாரி ஹாரன் அடித்தது. அவர் என் பக்கம் குனிந்தார். "இன்னும் அந்த நேரத்துக்குத் தட்டுது. ரெண்டே நாற்பத்தேழு. இப்ப அந்த 'டக்' சத்தம் கேக்கறதில்ல... ரெண்டும் மெத்துன்னுதான்."

"வெளிக்கதவுலயா?"

"இல்லம்மா," என்றார். "உள்கதவுல."